வென்றவரின் வீட்டிலும் கண்ணீர்



நவம்பர், இறந்தோரை நினைத்து நாம் செபிக்கும் மாதம். இதே மாதம் 11-ஆம் நாளை முதல் உலகப் போர் ஓய்ந்த நாளாகப் பல நாடுகள் நினைவுகூருகின்றன. 1918-ல் அன்றைய போர்நிறுத்த ஒப்பந்தத்தில் நேச நாடுகளின் தலைமைத் தளபதியாகக் கையெழுத்திட்டவர் பிரான்ஸ் நாட்டு மார்ஷல் ஃபெர்டினான்ட் ஃபோஷ். வெற்றித் தளபதியாக உலகம் அவரை அறியும். தகப்பனில்லாப் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவாக அவரை அறிந்தவர்கள் குறைவு.

தெற்குப் பிரான்சில் உள்ள தார்ப் நகரில் 1851-ல் பிறந்தவர் ஃபோஷ். இயேசு சபையினரின் பள்ளிகளில் படித்தார். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தார். அவருடைய தம்பி ஜெர்மேன் இயேசு சபைக் குருவானார்.

அக்காலத்தில் பிரான்ஸ் அரசுக்கும் திருச்சபைக்கும் கடும் பகை இருந்தது. எந்தெந்த அதிகாரி திருப்பலிக்குப் போகிறார் என்று இரகசியமாகக் குறிப்பெடுத்து வைத்தார்கள். 1904-ல் அது வெளிவந்து பெரும் புயலைக் கிளப்பியது. விசுவாசத்தால் தமக்குப் பதவி உயர்வு தாமதமாகிறது என்று தெரிந்தும் ஃபோஷ் அதை மறைக்கவில்லை. 1908-ல் போர்க் கல்லூரியின் தலைமைப் பொறுப்புக்கு அவரைத் தேர்ந்தெடுத்தவர், திருச்சபையை எதிர்ப்பதில் பெயர்பெற்ற பிரதமர் கிளெமான்சோ! திறமைக்கு முன் பகை விலகி நின்றது.

1914 ஆகஸ்டு 22. பிரெஞ்சுப் படையின் வரலாற்றிலேயே மிகக் கொடிய நாள். ஒரே நாளில் சுமார் 27,000 வீரர்கள் மாண்டார்கள். அவர்களுள் இருவர் ஃபோஷின் வீட்டைச் சேர்ந்தவர்கள். ஒருவர் அவருடைய ஒரே மகன் ஜெர்மேன். மற்றவர் மூத்த மகள் மரியின் கணவர் கேப்டன் பெக்கூர். போரின் நெருக்கடியில் அந்தச் செய்தி தந்தையை வந்தடைய மூன்று வாரங்களாயின. அதற்குள் அவர் மார்ன் ஆற்றங்கரைப் பெரும்போரை நடத்தி முடித்திருந்தார். செய்தி கேட்டதும் சற்று நேரம் தனித்திருந்தார். பிறகு வெளியே வந்து பணியைத் தொடர்ந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, கொம்பியேன் காட்டில் நின்ற ஒரு இரயில் பெட்டியில் ஜெர்மன் தூதுக் குழுவை அவர் சந்தித்தார். அக்குழுவின் தலைவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கரும் கத்தோலிக்கரே. அவரும் படைப் பயிற்சியில் இருந்த தம் மகனைச் சில வாரங்களுக்கு முன்புதான் காய்ச்சலில் பறிகொடுத்திருந்தார். மகனை இழந்த இரு தந்தையர், ஒரே மேசையின் இரு பக்கம்! ஆனாலும், கையெழுத்தாகும் வரை சண்டையை நிறுத்தி வையுங்கள் என்ற வேண்டுகோளுக்கு ஃபோஷ் இணங்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பின் ஒப்பந்தம் கையெழுத்தானது. துப்பாக்கிகள் ஓய்ந்தது பதினொரு மணிக்குத்தான். அந்தக் கடைசி நாளில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். துயரம் அறிந்தவரின் உள்ளத்தையும் போர் இறுக்கிவிடுகிறது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எர்ஸ்பெர்கரையோ, அந்தக் கையெழுத்துக்காகவே வெறுத்த அவருடைய நாட்டுத் தீவிரவாதிகள் 1921-ல் சுட்டுக் கொன்றனர்.

போருக்குப் பின் ஃபோஷுக்கு விருதுகளும் பட்டங்களும் குவிந்தன. அவர் மனம் நாடியது பிரித்தானியில் இருந்த தம் கிராமத்து வீட்டை. விடுமுறையில் பேரப்பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். தந்தையை இழந்த மரியின் பிள்ளைகளுக்குத் தாத்தாவே ஆதரவு. ஃபோஷின் பெயரைச் சொல்ல மகன் இல்லாததால், அப்பேரப்பிள்ளைகள் தந்தையின் பெயரோடு தாத்தாவின் பெயரையும் சேர்த்து பெக்கூர்-ஃபோஷ் ஆனார்கள்.

1927-ல் நெவ் ஷாப்பேல் என்ற ஊரில் இந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னம் திறக்கப்பட்டபோது, முதியவரான ஃபோஷ் அங்கு வந்து நம் நாட்டவரின் உயிர்த்தியாகத்தைப் போற்றிப் பேசினார். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மாண்டு, கல்லறைகூட அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

1929 மார்ச் 20 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். பத்தாண்டுகளில் மீண்டும் உலகப் போர். பேரன் ஜான் பெக்கூர்-ஃபோஷ், தெகோல் தலைமையிலான சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1944-ல் உயிர்நீத்தார். தந்தையைப் பறித்த போர், மகனையும் பறித்துக்கொண்டது.

அன்புக்குரியவர்களே, போரில் வென்ற தாத்தாவால்கூடத் தம் பேரனுக்கு அமைதியான உலகை விட்டுச்செல்ல முடியவில்லை. நம் குடும்பங்களில் நாம் பிள்ளைகளுக்கு எதை விட்டுச்செல்கிறோம்? வென்ற வழக்குகளையா, வளர்த்த பகையையா, ஒப்புரவையா? இந்த மாதம் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது, போர்களில் மாண்ட இருதரப்பினருக்காகவும் செபிப்போம். பகைகொண்ட உறவு ஒன்றையேனும் நாமே முன்சென்று சரிசெய்வோம்.