கெளுத்தி மீனும் கார்சனும்

'மௌன வசந்தம்' நூலின் ஆசிரியராகவே ரேச்சல் கார்சனை உலகம் அறியும். அந்நூல் வெளிவருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு நன்னீர் மீனின் சிறுநீரகத்தை அவர் ஆராய்ந்தார் என்பது பலர் அறியாத செய்தி.

1907-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் எனும் சிற்றூரில் பிறந்தவர் கார்சன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1932-இல் விலங்கியல் முதுநிலைப் பட்டம் பெற்றார். கெளுத்தி இன மீனின் கருவிலும் இளம்பருவத்திலும் சிறுநீரகம் உருவாகும் விதமே அவரது ஆய்வுப் பொருள். பணமுடையால் முனைவர் பட்டக் கனவைக் கைவிட்டு, அரசின் மீன்வளத் துறையில் சேர்ந்தார். 1951-இல் வெளிவந்த கடல் பற்றிய நூலின் வெற்றி, அடுத்த ஆண்டே முழுநேர எழுத்தாளராகும் துணிவைத் தந்தது.

1954-இல் கனடாவின் மிராமிச்சி ஆற்றுப்படுகைக் காடுகளில், புழுக்களை ஒழிக்க விமானம் மூலம் டிடிடி தெளிக்கப்பட்டது. சால்மன் குஞ்சுகள் மடிந்தன. அவற்றின் இரையான நீர்ப்பூச்சிகளும் அழிந்தன. 1962-இல் வெளியான 'மௌன வசந்தம்' நூலில் இந்நிகழ்வை அவர் விரிவாகப் பதிவு செய்தார்.

இரசாயன நிறுவனங்கள் அவரை ஏளனம் செய்தன. மார்பகப் புற்றுநோயை வெளியுலகுக்கு மறைத்தபடியே, 1963-இல் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பூச்சிக்கொல்லியே கூடாதென அவர் வாதிடவில்லை. விளைவறியாது தெளிப்பதையே எதிர்த்தார். 1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் மறைந்தார். வேளாண்மையில் டிடிடி பயன்பாட்டை அமெரிக்கா தடை செய்தது 1972-இல்தான்.

திருவண்ணாமலை வட்டாரத்தில் வயலில் தெளிப்பதை 'மருந்து' என்றே அழைக்கிறோம். மழை பெய்தால் அது வாய்க்கால் வழியே ஏரியைச் சேரும். மீனின் செவுள் இழைகள் சிதைந்து மூச்சு திணறும். நச்சை முறிக்க வேண்டிய கல்லீரலும், கழிவகற்ற வேண்டிய சிறுநீரகமும் சேதமுறும். வெளித்தோற்றத்தில் மீன் நலமாகவே தெரியலாம்.

மருந்தின் விலையில் இந்த இழப்பு சேர்வதில்லை. ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரும், மீனை வாங்கி உண்பவரும் அதைச் சுமக்கின்றனர். சந்தை கணக்கில் கொள்ளாத இச்செலவைப் பொருளியல் புறவிளைவு என்கிறது. அதை முதலில் அளந்தாக வேண்டும். மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள், பருவந்தோறும் ஏரி மீன்களின் உள்ளுறுப்புகளைச் சோதித்து முடிவுகளை ஊராட்சிகளுக்கு அறிவிக்கலாம். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. கார்சனும் ஒரு கெளுத்தி மீனிலிருந்துதான் தொடங்கினார்.