உருளைக்கிழங்குக்காக வாதாடியவர்

விடுதிச் சாப்பாட்டில் நாள் தவறாமல் வந்து விழும் உருளைக்கிழங்கைக் கண்டு முகம் சுளிக்காத மாணவர் நம்மில் அரியர். அதை மனிதர் உண்ணலாம் என்று மெய்ப்பிக்கவே ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவர் பெயர் அந்துவான் பார்மாந்தியே.

1737-இல் வடபிரான்சில் மோந்திதியே என்னும் ஊரில் பிறந்தவர். மருந்தாளராகப் பயின்று, ஏழாண்டுப் போரில் படையுடன் சென்று, பிரஷ்யரிடம் சிறைப்பட்டார். சிறையில் கிடைத்த உணவு உருளைக்கிழங்கு. அந்நாளில் பிரெஞ்சு மக்களிற் பலர் அதைப் பன்றித்தீனி என்று இகழ்ந்தனர்; தின்றால் தொழுநோய் வரும் என்றும் அஞ்சினர். இவருக்கோ நோயும் வரவில்லை, உடலும் நலியவில்லை. ஊர் திரும்பியபோது அந்த ஓர் உண்மையை மறவாமல் கொண்டுவந்தார்.

விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வாட்டிய வேளையில், 1771-இல், பெசான்சோன் நகரக் கல்விக் கழகம் ஒரு போட்டி வைத்தது: பஞ்சத்தில் உயிர்காக்கும் உணவு எது? கிழங்கின் சார்பில் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றார் பார்மாந்தியே. 1772-இல் பாரிசு மருத்துவக் கழகமும் கிழங்கு தீங்கற்றது என்றது. ஆனால் சான்றிதழைக் கண்டு அருவருப்பு அகலுமா?

முதுபடைவீரர் இல்லமான ஏன்வாலீதில் தலைமை மருந்தாளரானார். மருந்தகத்தை நடத்திவந்த கன்னியர் எதிர்த்ததால் பதவி பறிபோயிற்று; ஊதியமும் தங்குமிடமும் நிலைத்தன. ஆராய்ச்சிக்கு இதைவிட வாய்ப்பு ஏது! கோதுமையே கலவாமல் கிழங்கில் ரொட்டி செய்து காட்டினார். அது மக்களிடம் எடுபடவில்லை. ரொட்டியே உணவு என்றிருந்தவர்க்கு அவர் ரொட்டியைத் தர முயன்றதில் வியப்பில்லை.

1786-இல் பாரிசையடுத்த சாப்லோன் மணல்வெளியில் அரசர் 16-ஆம் லூயி நிலம் அளித்தார். பகலில் காவல் வைத்து இரவில் விலக்க, மக்கள் ஆவலோடு கிழங்கைத் திருடினர் என்பது கதை. கதை இனியதுதான், எனக்கு ஐயமே. அவரது பொறுமையான சோதனைகளும் நூல்களுமே பெரிது என்பேன். புரட்சிக் காலத்தில் துய்லேரி அரண்மனைத் தோட்டத்திலேயே கிழங்கு பயிராயிற்று. நெப்போலியன் காலத்தில் அம்மைகுத்தலைப் பரப்பவும் அவர் உழைத்தார்.

1813-இல் மறைந்தார். கொத்திய இறைச்சியின்மேல் மசித்த கிழங்கைப் பரப்பி அடுப்பில் வைத்தெடுக்கும் பண்டத்துக்கும், கிழங்கு சூப்புக்கும் பிரெஞ்சுக்காரர் அவர் பெயரையே இட்டனர். உலகமெல்லாம் கொறிக்கும் பொரித்த கிழங்குக்கு மட்டும் அவர் பெயர் வாய்க்கவில்லை. அது யாருடையது என்று பிரெஞ்சுக்காரரும் பெல்ஜியரும் இன்னும் வழக்காடுகின்றனர்.