கரண்ட் வைத்தியமும் முத்துலட்சுமி அம்மையாரும்



நம்ம பக்கத்தில் ஒருவரை அடையாறுக்குக் கூட்டிப் போயிருக்காங்க என்று சொன்னால், என்ன நோய் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கடலூர் முதுநகரானாலும் சரி, சிதம்பரம் கீழவீதியானாலும் சரி, அந்த இடத்தின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்ல அவ்வளவு பயம். அங்கே தரும் சிகிச்சைக்கும் நம் மக்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: கரண்ட் வைக்கிறது. அந்த அடையாறு ஆஸ்பத்திரியை உண்டாக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்விக்குப் படித்தோம். மெஷின்களோடு வாழப்போகிற நாம் அவரை இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

அவர் பிறந்தது புதுக்கோட்டையில், 1886 ஜூலை 30 அன்று. அப்பா நாராயணசாமி கல்வி அறிந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மகாராஜா கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று ஊரில் எதிர்ப்பு. மன்னர் அனுமதி கொடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் டாக்டரானார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பீஸ் கட்டுவதையே பெரிய மலையாக நினைத்தவனுக்கு, வகுப்பில் உட்காரவே ராஜாவின் உத்தரவு தேவைப்பட்ட ஒருவரின் கதை சுருக்கென்று தைக்கிறது.

1927இல் சட்டமன்றம் போனது, காந்தியடிகள் கைதானபோது 1930இல் பதவியை விட்டது, அவ்வை இல்லம், அவர் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியது, இதெல்லாம் நீங்கள் அறிந்ததே.

நான் சொல்ல வந்தது 1923ஐ. அந்த வருஷம் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்துபோனார். அக்கா டாக்டர். பட்டம், பதக்கம் எல்லாம் இருந்தும் கண்ணெதிரே ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு 1925இல் மேற்படிப்புக்காக லண்டன் போனவர், அங்குள்ள ராயல் கேன்சர் ஆஸ்பத்திரியில் இந்த நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டார். ரேடியமும் எக்ஸ்ரேயும் கட்டியைக் கரைக்கப் பயன்பட்டுவந்த காலம் அது.

ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரி கட்டிவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தன் எண்ணத்தை வெளியே சொன்னார். பம்பாயில் டாடா மருத்துவமனை 1941இல் வந்துவிட்டது. இங்கே இன்னும் பேச்சுதான். புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குச் செலவு என்பதுதான் அன்றைய நினைப்பு. மகன் கிருஷ்ணமூர்த்தியை இந்த வைத்தியம் கற்க அமெரிக்கா அனுப்பினார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டத் தொடங்கினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று ஆஸ்பத்திரி திறந்தது. மொத்தம் 12 படுக்கை. தங்கை போய் 31 வருஷம் ஆகியிருந்தது. அம்மையாருக்கு வயசு 67. மற்றவர்கள் பென்ஷன் வாங்கி ஓய்வெடுக்கிற வயசு!

இனி நம்ம சமாச்சாரத்துக்கு வருவோம். பழைய எக்ஸ்ரே மெஷின்கள் 200, 250 கிலோவோல்ட்டில் ஓடியவை. அவற்றின் கதிர் முழு வேகத்தையும் தோலிலேயே காட்டிவிடும்; உள்ளே கட்டிக்குப் போய்ச் சேருமுன் தோல் வெந்துபோகும். கோபால்ட்-60 வந்தபோது இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. அதன் காமா கதிர்கள் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட். தோலுக்குச் சுமார் அரை சென்டிமீட்டர் கீழேதான் முழு பலம் காட்டும். உலகில் முதன்முதலாக இந்த மெஷினில் நோயாளிக்குச் சிகிச்சை தந்தது 1951இல், கனடாவில். அந்த நாட்டிலிருந்தே ஒன்று 1950களின் பிற்பகுதியில் அடையாறுக்கு வந்துவிட்டது. 12 படுக்கையில் ஆரம்பித்த இடம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பாருங்கள், இதில் கரண்ட் எங்கே இருக்கிறது? உடம்புக்குள் கரண்ட் போகவே இல்லை, போவது கதிர். அதற்கு ஸ்விட்ச் கிடையாது. மெஷினை நிறுத்தினாலும் கோபால்ட் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஈயக் கவசத்துக்குள் தள்ளி மூடத்தான் முடியும். 5.27 வருஷத்தில் அதன் பலம் பாதியாகும். அதாவது மாதத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் குறையும். சிகிச்சை நேரத்தை அதற்கேற்பக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கணக்கைத் திருத்த மறந்தால், டைமர் பிசகினால், கட்டி பிழைத்துக்கொள்ளும், மனுஷன் பிழைக்க மாட்டான். படுத்திருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. டாக்டர் கைராசிக்காரர் என்று ஊர் பேசும். டைமரைச் சரிபார்த்தவனை யார் பேசுவார்கள்?

நிஜமாகவே கரண்ட் வைக்கிற வைத்தியம் பின்னால்தான் பரவியது. ஈரல் கட்டிக்குள் ஊசி போன்ற மின்முனையைச் செருகி, சுமார் 500 கிலோஹெர்ட்ஸ் மின்சாரம் பாய்ச்சுவார்கள். அவ்வளவு வேகமான அலையில் நரம்புக்கும் தசைக்கும் ஷாக் தெரியாது. சூடு மட்டும் ஏறும். 60 டிகிரி தாண்டினால் செல் செத்துவிடும். வயிற்றைக் கிழிக்காமல், ஊசி குத்திய அளவு தழும்போடு வீடு திரும்பலாம். கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்தால்தான் இதெல்லாம். நம் பக்கத்திலோ, நாட்டு மருந்து, வேண்டுதல், அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்று மறைப்பது, எல்லாம் முடிந்த பிறகுதானே சென்னை பஸ் ஏறுகிறார்கள்!

அம்மையாருக்கு 1956இல் பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22 அன்று காலமானார். மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் ஆஸ்பத்திரியை வளர்த்தார்கள். சாந்தா அம்மா அந்த வளாகத்திலேயே குடியிருந்து, 2021இல் தன் 93வது வயதில் மறையும் வரை அந்த ஆஸ்பத்திரிக்காகவே வாழ்ந்தார்.