தூதர் கே.பி.எஸ். மேனன்

தூதர் என்றாலே கோட்டும் விருந்தும்தான் நமக்கு ஞாபகம் வரும். கே.பி.எஸ். மேனனின் கதை அப்படிப்பட்டதல்ல.

1898-இல் கோட்டயத்தில் பிறந்த அவர், சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்து ஐ.சி.எஸ். அதிகாரியானார். 1929-இல் இந்திய அரசின் ஏஜெண்டாக இலங்கைக்குப் போனார். அங்கே யாருடைய நலனைக் கவனிக்கப் போனார் தெரியுமா? தோட்டங்களில் பாடுபட்ட நம் தமிழ்ப் பாட்டாளிகளின் நலனைத்தான்!

பிறகு சீனாவில் பணி. போர்க்காலம். 1944-இல் தில்லியிலிருந்து சுங்கிங் நகருக்கு விமானம் ஏறியிருக்கலாம். மனுஷன் தரைவழியே கிளம்பிவிட்டார்! இமயம், காரகோரம், சிங்கியாங் என்று மாதக்கணக்கில் பயணம். கண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். அது புத்தகமாகவும் வந்தது.

1948-இல் சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளரானார். 1952-இல் மாஸ்கோவுக்குத் தூதர். 1953 பிப்ரவரி 17 அன்று கிரெம்ளினில் ஸ்டாலினைச் சந்தித்தார். அன்று உலகமே நடுங்கிய மனிதர் அவர். பேச்சுக்கு நடுவே ஸ்டாலின் காகிதத்தில் பென்சிலால் ஓநாய்களாக வரைந்துகொண்டிருந்தார். ஓநாயைக் கொல்லத்தான் வேண்டும், அது குடியானவனுக்குத் தெரியும் என்றும் சொன்னாராம். சும்மா கிறுக்கல்தானே என்று வேறொருவர் விட்டிருப்பார். மேனன் விடவில்லை, எழுதி வைத்தார்.

மார்ச் 5-இல் ஸ்டாலின் மறைந்தார். அவரைக் கடைசியாகச் சந்தித்த வெளிநாட்டுத் தூதர் மேனன்தான். 1961 வரை மாஸ்கோவிலேயே பணியாற்றிய அவர், 1982-இல் காலமானார்.