கொதிகலன் அறை டு லுஷ்னிகி ஸ்டேடியம்: யார் இந்த விக்டர் சோய்? ரஷ்ய ரசிகர்கள் இன்னும் மறக்காதது ஏன்?

1990, ஜூன் 24. மாஸ்கோவின் லுஷ்னிகி ஸ்டேடியம். 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கூடியிருக்கிறார்கள். 1980 ஒலிம்பிக்ஸ் நடந்த அதே இடத்தில், அன்று ஒரு ராக் கச்சேரிக்காக ஒலிம்பிக் தீபம் மறுபடி ஏற்றப்படுகிறது. மேடையில் 28 வயது இளைஞர் ஒருவர். பெயர் விக்டர் சோய். 'கினோ' என்ற இசைக்குழுவின் பாடகர், பாடலாசிரியர்.

அதுதான் அவருடைய கடைசி பெரிய கச்சேரி என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது. சரியாக 52 நாள்களில் அவர் உயிரோடு இல்லை.

யார் இவர்?

1962 ஜூன் 21 அன்று லெனின்கிராட்டில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பிறந்தவர் சோய். அப்பா கொரிய வம்சாவளியைச் சேர்ந்த இன்ஜினீயர், அம்மா ரஷ்யர், உடற்கல்வி ஆசிரியை. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார், அங்கிருந்து நீக்கப்பட்டார். பிறகு தொழிற்பயிற்சிப் பள்ளியில் மரச் செதுக்கு வேலை கற்றுக்கொண்டார். கூடவே கிடாரும் பாட்டும்.

வீட்டு ஹாலில் கச்சேரி

அன்றைய சோவியத் யூனியனில் நினைத்த மாதிரி ஒரு பேண்ட் ஆரம்பித்து, டிக்கெட் போட்டுக் கச்சேரி நடத்திவிட முடியாது. அரசு அங்கீகாரம் வேணும். பாடல் வரிகளை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கணும்.

1981-ல் லெனின்கிராட் ராக் கிளப் தொடங்கப்பட்டது. இளைஞர்களுக்கு அது ஒரு மேடை. உளவுத்துறையான கேஜிபிக்கோ, எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்துக் கண்காணிக்க ஒரு வசதி. அங்கே ரசிகர்கள் ஒழுங்காக நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.

இதற்கு மாற்று வழிதான் 'க்வார்த்தீர்னிக்'. அதாவது, யாராவது ஒருவருடைய அபார்ட்மென்ட்டில் ரகசியமாக நடக்கும் கச்சேரி. மைக் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டால் கதை முடிந்தது. சோய் வளர்ந்தது இப்படிப்பட்ட வீடுகளில்தான்.

1982-ல் கினோவின் முதல் ஆல்பம் '45' வந்தது. கடையில் இல்லை. ஒருவர் டேப்பில் இருந்து இன்னொருவர் டேப்புக்குக் காப்பி எடுத்து, கை மாறிக் கை மாறித்தான் நாடு முழுக்கப் போனது. இன்றைய வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரி. என்ன, ஒவ்வொரு காப்பியிலும் சத்தம் கொஞ்சம் மங்கிக்கொண்டே போகும்!

பகலில் கரி, இரவில் பாட்டு

ராக் பாடகர் என்பதை அரசு ஒரு வேலையாகவே ஏற்கவில்லை. வேலை இல்லாமல் இருப்பதோ சட்டப்படி குற்றம். அதனால் சோய் 1986 முதல் ஒரு கட்டடத்தின் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்தார். 'கம்சாட்கா' என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்த அறை, இன்று ரசிகர்கள் தேடிப் போகும் கிளப் மற்றும் மியூசியம்.

எல்லாத்தையும் மாற்றிய படம்

கோர்பசேவ் காலத்தில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1987-ல் உருவான 'அஸ்ஸா' படத்தின் கடைசிக் காட்சியில், ஒரு ஹோட்டல் ஹாலில் சோய் பாட ஆரம்பிப்பார். கேமரா திரும்பினால் எதிரே ஆயிரக்கணக்கானோர். மாற்றத்தைக் கேட்கும் அந்தப் பாட்டு ஒரு தலைமுறையின் குரலாகவே ஆகிப்போச்சு. ஆனால் சோய் அதை அரசியல் கோஷமாகப் பார்க்கவில்லை. மனிதனுக்குள் நடக்கும் மாற்றத்தைப் பற்றித்தான் எழுதியதாகச் சொல்லிவந்தார்.

1988-ல் 'குரூப்பா க்ரோவி' ஆல்பமும் அவர் ஹீரோவாக நடித்த 'இக்லா' படமும் வர, ஸ்டேடியங்கள் நிரம்பத் தொடங்கின.

மேடையில் அப்படி என்ன ஸ்பெஷல்?

பார்த்தவர்கள் பேசுவது அவருடைய ஆட்டத்தைப் பற்றி அல்ல, நிற்கும் தோரணையைப் பற்றி. கருப்பு உடை, லேசாக உயர்த்திய தாடை, உணர்ச்சியைக் காட்டாத முகம். பாட்டுக்கு நடுவே நீளமாகப் பேச மாட்டார். குரலும் பெரிய ரேஞ்ச் கொண்டது இல்லை, தாழ்ந்த, சீரான குரல். வரிகள் எளிமை. சிகரெட், பஸ், மழை, காலியான சமையலறை என்று கேட்பவரின் அன்றாடம்தான் பாட்டு. அதனாலேயே ஸ்டேடியத்தில் பாடினாலும், தன் வீட்டு ஹாலில் பாடுவது மாதிரி ரசிகருக்குத் தோன்றியது.

அந்த ஆகஸ்ட் நாள்

1990 ஆகஸ்ட் 15. லாட்வியாவில் ஓய்வுக்குப் போயிருந்த சோய், மீன் பிடித்துவிட்டுத் தனியாகக் கார் ஓட்டித் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே வந்த பஸ்ஸில் கார் மோதியது. அந்த இடத்திலேயே மரணம். ஓட்டும்போது தூங்கிவிட்டார் என்பதே விசாரணையின் முடிவு. அந்தக் கோடையில் பதிவு செய்திருந்த அவருடைய குரலை வைத்து, நண்பர்கள் கடைசி ஆல்பத்தை முடித்தார்கள். பெயர் வைக்கவில்லை. அட்டை முழுக்கக் கருப்பு.

சுவர் பேசுது

மாஸ்கோவின் அர்பாட் தெருவை ஒட்டிய ஒரு சுவரில், சோய் இறந்துவிட்டார் என்று யாரோ எழுதினார்கள். இல்லை, உயிரோடு இருக்கிறார் என்று இன்னொருவர் பதில் எழுதினார். அன்று முதல் அது 'சோய் சுவர்'.

2020 ஆகஸ்டில் பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில், அரசு ஆதரவு நிகழ்ச்சி ஒன்றில் இரண்டு சவுண்ட் இன்ஜினீயர்கள் அவருடைய 'மாற்றம்' பாட்டைத் திடீரென ஒலிக்கவிட்டார்கள். இருவருக்கும் 10 நாள் சிறை. எழுதியவர் அதை அரசியல் பாட்டு இல்லை என்றார். அவர் இறந்து 30 வருஷம் கழித்தும் ஓர் அரசு அதைக் கேட்டுப் பதறியது. பாட்டு யாருடையது என்பதை, எழுதியவரும் முடிவு செய்வதில்லை, அரசும் முடிவு செய்வதில்லை. கேட்கிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.