சுவரில் சிரித்த செங்கூந்தலாள்

இரவோடு இரவாக ஒட்டப்படும், மழையில் நனையும், மறு வாரம் அதன் தலைமேலேயே இன்னொன்று ஏறும். சுவரொட்டியின் வாழ்வு அவ்வளவுதான். பசைவாளி தூக்கிய தோழர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை! அத்தகைய வாழ்வை ஒரு பெண்ணும் வாழ்ந்தாள். அவள்தான் கிளாரா போ.

1905 ஜூலை 29இல், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், வறுமை வாட்டிய வீட்டிலே பிறந்தாள். மூத்தவர் இருவர் தொட்டிலிலேயே மாண்டனர், இவள் தப்பினாள். தந்தைக்கு நிலையான வேலையில்லை. தாய்க்கோ சித்தம் நிலையிலில்லை. மகள் நடிகையாவது இழிவு என்று குமுறிய அந்தத் தாய், உறங்கிய மகளின் கழுத்திலே கத்தியை வைத்த இரவும் உண்டு!

1921இல் பத்திரிகைப் போட்டியொன்றில் வென்றாள். படவுலகம் அழைத்தது. வாழவா? இல்லை, உழைக்க! ஒப்பந்தக்காரர் அவளை ஊரார் படங்களுக்கெல்லாம் இரவல் தந்தார். 1925ஆம் ஆண்டில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட படங்கள்!

1927இல் வந்தது 'இட்' என்ற காதல் நகைச்சுவைப் படம். பெரிய கடையிலே சரக்கு விற்கும் ஏழைப் பெண். அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கும் முதலாளி. அந்தக் கடைப் பெண்ணாகக் கிளாரா நடித்தாள். நடித்தாளா? வறுமையை அவளுக்கு யார் கற்பிக்க வேண்டும்! 'இட்' என்ற கருத்துக்காக எழுத்தாளர் எலினார் கிளின் பெற்றது 50,000 டாலர்.

படமோ ஊமைப்படம், கறுப்பு வெள்ளை. அவள் கூந்தல் சிவப்பென்று திரை சொல்லவில்லை. வண்ணச் சுவரொட்டி சொல்லிற்று. கல்லச்சிலே, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பதிப்பாக, 27 அங்குல அகலம், 41 அங்குல உயரத் தாளிலே அவள் சிரித்தாள். ஓவியர் பலர் பெயர்கூடப் போடாமல் தீட்டித் தந்த சித்திரங்கள் அவை. சுவர் சிரித்தது, கொட்டகை நிறைந்தது. 1929 ஜனவரி ஒரு மாதத்தில் அவளுக்கு வந்த கடிதங்கள் 45,000க்கும் மேல்!

பேசும் படம் வந்தது. ஒலிவாங்கியைக் கண்டு அஞ்சினாள். 1931இல் வழக்கு, வதந்தி, வசை. உடலும் உள்ளமும் ஒடிந்தன. 1933இல், 28 வயதிலே, திரைக்கு விடை கொடுத்தாள். நடிகர் ரெக்ஸ் பெல்லை மணந்து, நெவாடாவின் பண்ணையிலே இரு மைந்தருக்குத் தாயானார். பழைய நோவோ விடவில்லை. 1965 செப்டம்பர் 27இல் அம்மையார் மறைந்தார்.

சுவரொட்டிகள் என்னவாயின? ஓட்டம் முடிந்ததும் கிழிந்தன, குப்பையாயின, போர்க்காலத்திலே பழந்தாளாய்க் கூழாயின. தப்பியவை சில. அத்தகைய தாள்களைத்தான் இன்று செல்வர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொட்டி ஏலம் எடுக்கின்றனர்!

தாளுக்கு விலை தந்தது உலகம். தாளிலே சிரித்தவளுக்குத் தந்ததோ தளர்ச்சி. தீட்டிய கைக்குத் தந்ததோ மறதி. சுவரிலே இனியொரு சிரிப்பைக் கண்டால், தோழனே, சற்று நில்! அந்தச் சிரிப்புக்காக உழைத்தவர் யாரென்று எண்ணிப் பார்!