லேடாங் மலையில் வாலஸ்

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கில், தங்காக் நகருக்கு அருகில் லேடாங் மலை உயர்ந்து நிற்கிறது. அதன் உயரம் 1,276 மீட்டர். மலாய் மக்களின் கதைகளில் அது ஓர் இளவரசி வாழும் மலை. ஐரோப்பியர் அதனை ஓஃபிர் மலை என்று அழைத்தனர். 1854ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த இயற்கையியலாளர் ஒருவர் அம்மலையில் ஏறி, உச்சியில் ஓர் இரவைக் கழித்தார். அவர்தாம் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ்.

வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸில் பிறந்தார். குடும்ப வறுமையால் பதினான்கு வயதிலேயே அவரது பள்ளிப் படிப்பு நின்றுபோனது. பின்னர் அண்ணன் வில்லியமிடம் நில அளவைத் தொழிலைக் கற்றார். வயல்களிலும் குன்றுகளிலும் நடந்து நிலத்தை அளந்தபோது, வழியில் கண்ட செடிகளின் பெயர்களைத் தாமே நூல்களைப் பார்த்து அறிந்துகொண்டார். நெடுந்தூரம் நடக்கவும் நிலத்தின் அமைப்பைக் கணிக்கவும் அத்தொழில் அவரைப் பழக்கியது.

1848இல் அவர் அமேசான் காட்டுக்குச் சென்றார். நான்கு ஆண்டுகள் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். தாயகம் திரும்பும் வழியில், 1852 ஆகஸ்டில், அவர் பயணம் செய்த கப்பல் நடுக்கடலில் தீப்பற்றி எரிந்தது. உடன் கொண்டுவந்த சேகரிப்பு ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. பத்து நாள்கள் திறந்த படகில் தத்தளித்த பிறகே வேறொரு கப்பல் அவரைக் காப்பாற்றியது. இலண்டனிலிருந்த அவருடைய முகவர் சேகரிப்புக்கு முன்கூட்டியே காப்புறுதி எடுத்து வைத்திருந்தார். அந்தப் பணம் இல்லாவிட்டால் வாலஸின் நிலை மிகவும் மோசமாகியிருக்கும்.

இரண்டே ஆண்டுகளில் அவர் மீண்டும் புறப்பட்டார். 1854 ஏப்ரலில் சிங்கப்பூரை அடைந்து, ஜூலையில் மலாக்காவுக்கு வந்தார். அங்கே காடிங் என்ற சிற்றூரில் இரண்டு வாரம் தங்கியபோது காய்ச்சல் அவரைத் தாக்கியது. மருத்துவரின் ஆலோசனைப்படி கொய்னா மருந்தை மிகுதியாக உட்கொண்டு தேறினார். லேடாங் மலையடிவாரமும் காய்ச்சலுக்குப் பெயர்போன இடம்தான். மலாக்காவிலிருந்த நண்பர்கள் அங்கே நெடுநாள் தங்குவதை ஆபத்தாகவே கருதினர். ஆயினும், அவர் அந்தப் பயணத்துக்குத் திட்டமிட்டார்.

ஆயர் பானாஸிலிருந்து மலைக்கு ஏறத்தாழ 30 மைல் என்று கணக்கிடப்பட்டது. இயற்கையில் நாட்டமுள்ள மலாக்கா இளைஞர் ஒருவர் அவருடன் வந்தார். சுமை தூக்க மலாய்க்காரர்கள் அமர்த்தப்பட்டனர். குறைந்தது ஒரு வாரத்துக்குப் போதுமான அரிசி, கொஞ்சம் பிஸ்கட், வெண்ணெய், காப்பித் தூள், கருவாடு, போர்வைகள், ஒரு மாற்றுடை, பூச்சிப் பெட்டிகள், வலைகள், துப்பாக்கிகள் ஆகியவை மூட்டை கட்டப்பட்டன. இந்தப் பட்டியலில் கூடாரம் இல்லை. தங்குமிடத்தைக் காட்டிலேயே அமைத்துக்கொண்டனர்.

முதல் இரவு ஒரு மலாய்த் தலைவர் தம் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்தார். கோழியும் முட்டையும் தந்து உபசரித்தார். மறுநாள் பாதை முழங்கால் அளவு சேறானது. இலைகளில் காத்திருந்த அட்டைகள் ஆடையிலும் உடலிலும் ஒட்டிக்கொண்டன. மாலையில் குளிக்கும்போது ஒவ்வொருவர் உடலிலும் ஆறு முதல் பன்னிரண்டு அட்டைகள் வரை இருந்தன. அன்று பிற்பகலில் மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்கரையில் முகாமிட்டனர்.

குழுவிலிருந்த முதியவர் ஒருவர் முன்பே உச்சிவரை சென்று வந்தவர். மறுநாள் ஏற்றத்துக்காக அவர் இருவரை அழைத்துச் சென்று முன்கூட்டியே பாதையைச் சீர்செய்தார். அவரை இவ்வளவு நம்பியிருந்தும் வாலஸ் தம் நூலில் அவர் பெயரைக் குறிப்பிடாதது வருத்தத்திற்குரியது.

காலையில் போர்வைகளுடனும் உணவுடனும் ஏறத் தொடங்கினர். பாடாங் பத்து என்னும் பாறைச் சரிவை அடைந்தபோது எல்லாருக்கும் கடுமையான தாகம். அங்கே நீர் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தனர். தேடியும் கிடைக்கவில்லை. பாறை வெடிப்புகளில் கெண்டிச் செடிகள் செழித்திருந்தன. மலாய்மொழியில் பெரியோக் கெரா எனப்படுபவை இவை. அவற்றின் குடுவைகளில் இருந்த நீரில் பூச்சிகள் மிதந்தன. தயங்கித் தயங்கிச் சுவைத்துப் பார்த்தனர். வெதுவெதுப்பாக இருந்தாலும் குடிக்க நன்றாகவே இருந்தது.

உச்சிக்கு எதிரேயுள்ள ஒரு சிகரத்தை அடைந்ததும், இனிச் சுமையுடன் ஏற முடியாது எனச் சுமைதூக்கிகள் நின்றுவிட்டனர். எதிரே ஓர் ஆழமான பள்ளம். அதற்கப்பால் செங்குத்தான ஏற்றம். அங்கேயே இரவு தங்கலாம் என்றால் நீர் இல்லை. உச்சிக்கு அருகில்தான் ஊற்று இருப்பதாகத் தெரிந்திருந்தது. வாலஸ் தயங்கவில்லை. ஆளுக்கு ஒரு போர்வை, பகிர்ந்துகொண்ட உணவு, இன்றியமையாத சில பொருள்கள். மற்றவற்றை அங்கேயே விட்டார். முதியவரும் அவர் மகனும் மட்டும் உடன் சென்றனர். முழங்கால் ஆழப் பாசியில் கால் புதைய, கைகளாலும் பற்றி ஒரு மணி நேரம் ஏறினர். உச்சிக்குச் சற்றுக் கீழே, குடைபோல் நீண்ட பாறையடியில், கசிந்த நீர் சிறு குழியில் தேங்கியிருந்தது.

காப்பிக்கு நீர் கொதித்தபோது வாலஸ் வெப்பமானியை எடுத்தார். ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் கூடும்போது நீரின் கொதிநிலை ஒரு பாகை செல்சியஸ் அளவு குறையும். அதைக்கொண்டு மலையின் உயரத்தைக் கணக்கிடலாம். 4,000 அடி என்பது அவர் எழுதிய அளவு. சிறு கிளைகளைப் பரப்பி, மேலே போர்வையை விரித்து உறங்கினர். சுமைதூக்கிகளும் இளைப்பாறிய பின் அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தனர்.

இறங்கிய பிறகு அடிவாரத்தில் சுவரில்லாத இரண்டு சிறு குடில்களில் ஒரு வாரம் தங்கினர். யானை, காண்டாமிருகம் வரக்கூடும் என்பதால் இரவு முழுவதும் தீ எரிந்தது. காட்டிலிருந்து குவாங் ராயா பறவையின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்றைச் சுட்டுத் தருமாறு வாலஸ் கேட்டார். இருபது ஆண்டுகள் இக்காடுகளில் வேட்டையாடியும் தாம் ஒன்றைக்கூடச் சுட்டதில்லை என்று முதியவர் தெரிவித்தார். அரிசி தீர்ந்தது, பெட்டிகளும் நிறைந்தன. ஒருவருக்கும் காய்ச்சல் வராமல் அனைவரும் திரும்பினர்.

அதன்பின் வாலஸ் 1862 வரை இத்தீவுகளில் சுற்றி, 1,25,660 மாதிரிகளைச் சேகரித்தார். உயிரினங்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதைக் குறித்து 1858இல் டார்வினுக்குக் கட்டுரை அனுப்பினார். அது டார்வினின் எழுத்துகளுடன் சேர்த்து அதே ஆண்டு இலண்டனில் படிக்கப்பட்டது. 1869இல் வெளிவந்த தம் பயண நூலில் லேடாங் ஏற்றத்தையும் எழுதினார். 1913ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், தம் 90ஆம் வயதில் அவர் காலமானார்.